குழந்தை பிறக்கும் முன் வாங்கிய கத்தரிக்கோல்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்கென்று எதையும் வாங்கக் கூடாது. ஒரு முழத் துணி கூடாது, ஒரு ஊக்கு கூடாது, தூளி கட்டக் கயிறு கூடாது. வரப்போகிறது என்று முன்கூட்டியே தம்பட்டம் அடித்தால் எமன் காதில் விழுந்துவிடுமாம். அதனால் பிள்ளை தரையில் விழுந்த பிறகுதான் பழஞ்சேலை கேட்டு வீடு வீடாக ஓடுவார்கள். அதுவும் யாருக்குப் பிள்ளை பிழைத்துத் தங்கியிருக்கிறதோ அவள் கட்டிய சேலையாக இருக்க வேண்டும். எமனுக்கு அவ்வளவு கூர்மையான காது என்றால், ஏழு மாத வயிற்றோடு கொழுந்துக் கூடையையும் சுமந்துகொண்டு மலை ஏறுகிறவள் அவன் கண்ணில் படமாட்டாளா என்று நான் கேட்டிருக்கிறேன். எனக்கு வாயாடி என்ற பெயர்தான் மிஞ்சியது.

அது முப்பதுகளின் தொடக்கம். நான் கண்டி டவுனில் பிறந்தவள். அப்பா ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதினார். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படிக்க வைத்து, ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். லயத்தின் கடைசியில் தகரக்கூரை போட்ட பள்ளிக்கூடம். அதை ஒட்டி இரண்டு அறை வீடு. அதில் என் கணவர், நான், அவருடைய அம்மா. மூன்று பேரில் சத்தமாகப் பேசுகிறவர்கள் இரண்டு பேர். கணவர் அந்த இருவரில் ஒருவர் இல்லை.

அத்தை முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். விரல் நுனிகள் கறுத்து, எத்தனை தேய்த்தாலும் போகாத கறையோடு இருக்கும். மாமா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை வருடக்கணக்கில் வளரவிட்டு இடுப்பளவுக்கு நறுக்கித் தள்ளுகிற அந்த வேலைக்குத் தோட்டத்திலேயே அவரைப் போல ஆள் இல்லை என்று சொல்வார்கள். நான் போகும் முன்பே அவர் இறந்துவிட்டார். அவருடைய கவ்வாத்துக் கத்தி மட்டும் அடுப்புக்கு மேலே கூரைக் கட்டையில் செருகியிருந்தது. நுனி வளைந்த, கைப்பிடி பளபளத்த கத்தி. அதை யாரும் தொடக் கூடாது. வெங்காயம் வெட்ட ஒரு தடவை எடுத்தேன், வீடே இரண்டுபட்டது.

அந்தக் கத்திக்கு ஒரு கதை இருந்தது. என் கணவர் பிறந்தபோது தொப்புள்கொடியை வெட்டியது அந்தக் கத்திதான். அவர் பிழைத்தார், வளர்ந்தார், படித்தார், லயத்திலிருந்து வாத்தியாராக நிமிர்ந்தார். ஆகவே அது ராசியான கத்தி. அத்தை பெற்றது ஐந்து, தங்கியது ஒன்று. மற்ற நான்கைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. புதுப்பெண்ணுக்கு அதைக் கேட்க நாக்கு எழாது.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு இந்தச் சட்டமெல்லாம் சரியாகத் தெரியாது, தெரிந்த அளவுக்கும் மதிக்கத் தோன்றவில்லை. தீபாவளிக்குக் கண்டிக்குப் போனவள் சிவப்புப் பிளானல் துணி அரை கஜம் வாங்கி வந்தேன். ஹேவாஹெட்டக் குளிர் அப்படி. காலையில் மூச்சு விட்டால் புகை வரும். பிள்ளைக்குத் தலையும் காதும் மூடுகிற மாதிரி ஒரு தொப்பி தைத்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரம்மாவிடம் அடி வாங்கிப் படித்த தையல், நேர்த்தியாக வந்தது. பெருமை தாங்கவில்லை. தண்ணீர்ப் பீலிக்குக் குடத்தோடு வந்த பெண்களுக்கெல்லாம் கையில் மாட்டிச் சுற்றிக் காட்டினேன். அவர்கள் சிரிக்கவில்லை. அத்தை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல். அத்தையே பிரசவம் பார்த்தார். கூரைக் கட்டையிலிருந்து கத்தியை எடுத்து, முந்தானையில் துடைத்து, மகனுக்கு வெட்டிய அதே கத்தியால் பேத்திக்கும் வெட்டினார். அடுப்புச் சாம்பலை அள்ளித் தொப்புளில் வைத்துக் கட்டினார். ஏழு நாள் அவள் பால் குடித்தாள். எட்டாம் நாள் காலையில் வாயைத் திறக்கவில்லை. தாடை இறுகிப்போய்க் கிடந்தது. தொட்டால் உடம்பு வில்லாக வளைந்தது. அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் தொப்பியைப் பற்றித்தான் பேசினார்கள். "பொறக்குறதுக்கு முந்தியே தச்சு வச்சாளே" என்று ஒருத்தி. "ஊரெல்லாம் காட்டுனாளே" என்று இன்னொருத்தி. அத்தை எழுந்து வந்து, என் தலைமாட்டில் இருந்த தொப்பியை எடுத்து அடுப்பில் போட்டார். வாயாடிக்கு அன்று வாய் இல்லை. கம்பளி கருகுகிற நாற்றம் அந்த இரண்டு அறையிலும் பரவியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் நம்பினேன். எட்டாவது வரை படித்தவள், பைபிளும் படித்தவள், தேவாரமும் தெரிந்தவள், ஒரு தொப்பிதான் என் பிள்ளையைக் கொன்றது என்று இரண்டு வருடம் நம்பினேன். அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரண்டாவது தடவை வயிற்றில் தங்கி ஐந்தாம் மாதம் நடக்கும்போது அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கண்டிக்குப் போனேன். மருந்து வாங்க டவுனுக்குள் நடந்தபோது, வாவிக் கரையில் வெள்ளைச் சேலை கட்டிக் கையில் கறுப்புத் தோல்பையோடு ஒருத்தி எதிரே வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் உத்தியோகம். அவள் மருத்துவிச்சி வேலைக்குப் படித்து, சோதனை பாஸ் பண்ணி, டவுனில் பிரசவம் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் வயிற்றைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"முதல் பிள்ளையோ?" என்றாள்.

வாவிக் கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியைச் சொன்னேன், எமனைச் சொன்னேன், எட்டாம் நாளைச் சொன்னேன். அவள் பாதியிலேயே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் பொறு. வாய் பூட்டினதோ? தொட்டா உடம்பு வளைஞ்சதோ?"

"ஆமா."

"கொடி வெட்டினது எதாலை?"

சொன்னேன்.

அவள் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் நோட்டுப் புத்தகத்தை நான் மை கொட்டிக் கெடுத்தபோதுகூட அவளுக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. "உனக்கு விசரே? தொப்பி பிள்ளையைக் கொல்லுமே? மண்ணிலை கிடந்த கத்தி, சாம்பல். அந்த ஊத்தை கொடி வழியா உள்ளை போய்த்தான் வாய் பூட்டுறது. ஒரு கத்தரிக்கோலைக் கொதிதண்ணியிலை போட்டிருந்தா உன்ரை பிள்ளை இண்டைக்கு ஓடித் திரியும்."

அவள் இதமாகச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை, நல்லதாகப் போயிற்று. இதமாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்திருப்பேன். அவள் திட்டியதால் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடமாக என் மேலேயே இருந்த கோபம் எழுந்து வேறு பக்கம் திரும்பியது. அந்தத் திருப்பத்தில் எனக்கு உயிர் வந்தது.

தோல்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவளே எழுதிக் கொடுத்தாள். புதுக் கத்தரிக்கோல், வேறு எதற்கும் தொடக் கூடாது. தடித்த வெள்ளை நூல். பஞ்சு. கார்பாலிக் சோப்பு. எனாமல் பேசின் இரண்டு, ஒன்று தாய்க்கு, ஒன்று பிள்ளைக்கு. வெள்ளை மல் துணி நாலு கஜம். கிழித்து, அவித்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டு, இன்னொரு சுத்தத் துணியில் பொதிந்து வைக்க வேண்டும். பாயின் மேல் போட ஒரு ரப்பர் விரிப்பு. ஊக்கு ஒரு டசின். கடைசியில் கோடு போட்டு எழுதினாள்: சாம்பல் வேண்டாம், சாணி வேண்டாம், மஞ்சள் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

"பிறந்த பிறகு வாங்கலாமா?" என்று கேட்டேன். ஒரு சின்னச் சமாதானத்துக்கு இடம் கிடைக்குமா என்று பார்த்தேன்.

"பிள்ளை கொடியோடை கிடக்கேக்கை நீ ஹேவாஹெட்டையிலிருந்து கண்டிக் கடைக்கு ஓடப்போறியோ? முதலே வாங்கி வை."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது.

தோட்டத்துக்குத் திரும்பியதும் முதலில் மருந்துக் கொட்டகைக்குப் போனேன். அங்கே ஒரு மருந்துக்காரர் இருந்தார். டாக்டர் இல்லை, ஆனால் எல்லோரும் டாக்டரையா என்போம். கார்பாலிக் சோப்பு ஒரு துண்டும், கொஞ்சம் டிஞ்சரும் கேட்டேன். அவர் கொட்டகை வாசலில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குதிரைக்கு முன்னங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேசினில் ஆவி பறக்கிற தண்ணீர், அதில் கத்தரிக்கோல். ஒரு போத்தல் நிறைய டிஞ்சர்.

"அது லயத்துக்கு வர்றதில்லம்மா" என்றார். "துரை பங்களாவுக்கும் குதிரை லாயத்துக்கும் மட்டுந்தான் குடுக்கச் சொல்லி உத்தரவு."

குதிரை என்னைப் பார்த்தது. நான் குதிரையைப் பார்த்தேன். பாவம், அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்குக் கிடைத்த வைத்தியம் என் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அதுவரை வாங்கலாமா வேண்டாமா என்று மனசின் ஓரத்தில் ஒரு ஊசலாட்டம் இருந்தது. அந்த இடத்திலேயே அது நின்றது.

கணவரிடம் தாளைக் காட்டினேன். அவர் வாத்தியார் அல்லவா, இரண்டு தடவை வாசித்தார். எழுத்துப்பிழை இல்லை என்றார்.

"வாங்கப் போறேன்" என்றேன்.

"அம்மா சும்மா இருக்க மாட்டாங்களே."

"இருக்க வேணாம்."

"புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?"

இதுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கேள்வி. எனக்கும் அதே பயம்தான். இந்தப் பிள்ளையும் எட்டாம் நாள் வாய் பூட்டிப் போனால், லயம் முழுக்க நான் முன்கூட்டி வாங்கி வைத்த மூட்டையைத்தான் கைகாட்டும். எத்தனை மருத்துவிச்சிகள் சத்தியம் பண்ணினாலும் நானே என்னைக் கைகாட்டுவேன். முதல் பிள்ளையையும் சேர்த்து இரண்டு பிள்ளையை ஆசைப்பட்டே கொன்றவள் என்று சாகும்வரை இருப்பேன். அது தெரிந்துதான் வாங்கப் போனேன்.

ஏழாம் மாதம் பஸ்ஸேறிக் கண்டிக்குப் போனேன். ஹேவாஹெட்டையிலிருந்து இறங்குகிற அந்தப் பாதையின் வளைவுகளில் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். கொழும்பு வீதித் துணிக்கடையில் துருக்கித் தொப்பி போட்ட முதலாளி இருந்தார்.

"நல்ல மல் பீஸ் ஈக்கி புள்ள. என்னத்துக்கு?"

"குழந்தைக்கு."

"எப்ப பொறந்த?"

"இன்னும் பொறக்கல."

கஜக்கோலை எடுத்த அவர் கை ஒரு நொடி நின்றது. அவர்கள் வீட்டிலும் இதே பேச்சு இருக்கும் போல. என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாலு கஜத்துக்கு மேலே ஒரு சாண் தாராளமாக விட்டு வெட்டினார். "அல்லா லேசாக்குவான் புள்ள, போயிட்டு வாங்கொ" என்றார். கத்தரிக்கோல் அவரிடம் இல்லை. இரும்புக்கடைக்குக் கை காட்டினார். அங்கே ஆறேழு கத்தரிக்கோலைத் திறந்து மூடிப் பார்த்து, துரு இல்லாத, இறுக்கமான ஒன்றை எடுத்தேன். கடைக்காரன் தையல்காரியா என்று கேட்டான். ஆமாம் என்றேன். எல்லோரிடமும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

சோப்பு, பேசின், ரப்பர் விரிப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புகிறபோது ஒரு காரியம் செய்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் ஒரு குறுக்குப் பாதை உண்டு, யாரும் பார்க்க மாட்டார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. கொழுந்து நிறுக்கிற நேரம் பார்த்து, பெண்கள் எல்லாம் கூடையோடு வரிசையில் நிற்கிறபோது, இரண்டு எனாமல் பேசினையும் கவிழ்த்துத் தலையில் வைத்து, மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவர்கள் முன்னால் நடந்து போனேன். பேசின்கள் ஒன்றோடொன்று உரசிக் கடகடவென்று சத்தம் போட்டன. எமனுக்குக் கேட்க வேண்டும் என்றால் நன்றாகவே கேட்டிருக்கும்.

எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. அத்தை நிலைப்படியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"அந்த மூட்டை உள்ள வரக் கூடாது."

"வரும் அத்தை."

"ஒண்ணை வாரிக் குடுத்தது பத்தலையா ஒனக்கு?"

எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. வாரிக் கொடுத்தது நான் இல்லை, உங்கள் கத்தி. அந்த வாக்கியத்தைக் கண்டியிலிருந்தே கொண்டுவந்திருந்தேன், கத்தரிக்கோலோடு சேர்த்து. ஆனால் கணவர் நடுவில் வந்து நின்றார். அவர் நடுவில் வருவது அபூர்வம், அதனால் இரண்டு பேரும் அசந்துவிட்டோம்.

"வீட்டுக்குள்ள வேணாம். பள்ளிக்கூட அலுமாரியில இருக்கட்டும். அது வீடு இல்லையே" என்றார்.

வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பள்ளிக்கூடம். ஒரே கூரை. ஆனாலும் சட்டப்படி அது தோட்டத்துக் கட்டடம். அத்தை யோசித்துப் பார்த்துக் கையை எடுத்தார். இப்படியாக என் பிள்ளையின் துணிகள் சிலேட்டுக்கும் சுண்ணாம்புக் கட்டிக்கும் நடுவே பூட்டி வைக்கப்பட்டன. துணியை அவித்து, இஸ்திரி போட்டுப் பொதிந்த அன்று, அத்தை பீலிக்கரையிலேயே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு வரவில்லை. அதன் பிறகும் எனக்கு ரசம் வைத்துக் கொடுப்பார், முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுவார், ஆனால் என் வயிற்றைப் பார்க்க மாட்டார். அவருக்கும் பயம்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் சண்டையில் இருந்தேன்.

வலி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைத் தட்டினேன். வாய்ப்பாடு பாதியில் நின்றது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என் கணவர் பள்ளிக்கூட முற்றத்தில் மூன்று கல் கூட்டி, பானையில் தண்ணீர் வைத்து, கத்தரிக்கோலையும் நூலையும் அதில் போட்டார். மருத்துவிச்சி எழுதிக் கொடுத்த தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துகிற குரலில் ஒவ்வொரு வரியாக வாசித்து ஒவ்வொன்றாகச் செய்தார். பிரசவத்துக்கு ஆண்பிள்ளை ஒருவர் தண்ணீர் காய்ச்சுவதை லயம் அன்றுதான் முதலில் பார்த்தது.

உள்ளே அத்தைதான் இருந்தார். கூரைக் கட்டையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் முட்டி போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அவர் கை போலத் தெம்பு கொடுக்கிற கை எனக்கு அதற்குப் பிறகு கிடைத்ததில்லை. "முக்கு தாயி, இன்னும் கொஞ்சந்தான், முக்கு" என்று அவர் சொன்னது இப்போதும் கேட்கிறது. மத்தியானத்துக்கு முன்னால் பிறந்தான். அழுதான். அத்தை அவனை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தார். அடுப்புக்கு மேலே கை நீண்டது.

நான் கொடியைக் கைக்குள் பிடித்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக, வழுக்கலாக, உள்ளே துடிப்போடு இருந்தது.

"வேணாம் அத்தை."

"கைய எடு புள்ள."

"எடுக்க மாட்டேன். அந்தக் கத்தி இவன் மேல பட்டா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். என் கையச் சேர்த்து வெட்டுங்க."

"இதே கத்திதான் ஒன் புருசனுக்கும்!"

"தெரியும். இவனுக்கு வேணாம்."

அவர் கத்தியோடு நின்றார். நான் கையை எடுக்கவில்லை. பிறகு வெளியே பார்த்துக் கத்தினேன், "என்னாங்க, கொண்டாங்க!" கதவு ஒரு சாண் திறந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே பானையை உள்ளே தள்ளினார் என் வாத்தியார். பேசினில் கார்பாலிக் சோப்பு போட்டுக் கை கழுவினேன். கத்தரிக்கோலை நீட்டி, "நீங்களே வெட்டுங்க அத்தை" என்றேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சரி என்று, சுவரில் சாய்ந்து, நூலால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, நடுவில் நானே வெட்டினேன். கத்தரிக்கோல் நன்றாகத்தான் வெட்டியது. சாம்பல் வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. இஸ்திரி போட்ட மல் துணியால் சுற்றினேன். பழஞ்சேலையோடு வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

எட்டு நாள் அத்தை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை எல்லாம் செய்தார். எனக்குப் பத்தியம் வைத்தார், பிள்ளையைக் குளிப்பாட்டினார், தொப்புளை மட்டும் தொடாமல் குளிப்பாட்டினார். பயத்தோடு எட்டாம் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே காட்டினால் தோற்றுப்போவேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவை அவன் வாயைத் திறக்கும்போதும் எனக்கு மூச்சு வந்தது.

எட்டாம் நாள் விடிந்ததிலிருந்து அத்தை என் பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்தபோதும், கொழுந்துக்காரிகள் மலைக்குப் போனபோதும், அவர்கள் திரும்பி வந்தபோதும் அங்கேயே இருந்தார். பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் குடித்தான், தூங்கினான், கொட்டாவி விட்டான், கத்தினான், மறுபடியும் குடித்தான். மாலையில் அவர் ஒரு விரலை அவன் தாடையில் வைத்துப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலை அவர் அடுப்படியில் இருந்தார். நான் பாயில் இருந்தபடி பார்த்தேன். கூரைக் கட்டையிலிருந்து அந்தக் கவ்வாத்துக் கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூத்தவன் எட்டாம் நாளு" என்றார். எனக்குச் சொல்கிறாரா, அடுப்புக்குச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. "ரெண்டாவது பொட்டப்புள்ள. ஏழாம் நாளு. அதுக்கும் வாய் பூட்டிக்கிருச்சு. அப்பறந்தான் ஒன் புருசன். அவன் தங்கினதும், கத்தி ராசின்னு நெனச்சேன். அதுக்குப் பொறவு ரெண்டு. அதுகளுக்கும் இதே கத்திதான், அதுகளும் வாய் பூட்டித்தான் போச்சு." கறுத்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். நாலு மடங்கியது. ஐந்தாவது விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதையும் மடக்கினார். அது என் மகள்.

இரண்டு வருடம் தொப்பிக்காரி என்று பேர் சுமந்தவள் நான். அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது, தீட்டித் தீட்டிக் கூர்மையாக வைத்திருந்தேன். சொல்லவும் எனக்கு உரிமை இருந்தது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"குதிரைக்குக் கொதிதண்ணி வச்சவங்களுக்குத் தெரியும் அத்தை. அவங்க நம்மகிட்டச் சொல்லல."

அவர் எழுந்து, பானையில் தண்ணீர் மொண்டு அடுப்பில் வைத்தார். கத்தியை அதற்குள் இறக்கினார். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதையும் அமுக்கிப் பார்த்தார். விறகைத் தள்ளினார்.

"எவ்வளவு நேரம் கொதிக்கணும்?" என்று கேட்டார்.

"கால் மணி நேரம் போதும் அத்தை."

அவர் அன்று மத்தியானம் வரை அந்த அடுப்பை விட்டு எழவில்லை. தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருந்தார்.